பதிவேட்டைப் பாங்குகளுக்குத் திறந்துவிடலாமா?

நிலம் வாங்க எண்ணும் குடியானவர் எவரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் ஈடு ஏதேனும் உண்டா என்பதை உரிய கட்டணம் செலுத்தி எவரும் தெரிந்துகொள்ளலாம். நிலத்தைப் பொறுத்தவரை பதிவேடு ஊரறிந்த பொருள். ஆனால் நம் பணம் இன்று பெருமளவில் நடமாடுகின்ற இணையத்தில், ஒரு முகவரியைப் பதிந்து வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பதிவேடு இருக்கிறது, அதில் ஒரு பெயரும் இருக்கிறது, ஆனால் ஏடு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. மோசடியைத் தடுக்கும் பொருட்டு அதனைப் பாங்குகளுக்காவது திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக உலக அரங்கில் எழுந்து வருகிறது. பயிர்க்கடனும் மான்யமும் பாங்குக் கணக்கின் வழியாகவே வந்து சேரும் இந்நாளில் இவ்வழக்கு நமக்குத் தொலைவானதன்று. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதன் இரு பக்கங்களையும் அறிந்திருப்பது நலம்.

பெயரை வலமிருந்து படித்தல்

முதலில் முகவரி என்பது என்ன என்று பார்ப்போம். இணையத்தில் ஒரு பாங்கின் பக்கத்தை அடைவதற்கு ஒரு பெயரை எழுதுகிறோம். அதனை டொமைன் என்று வழங்குகின்றனர்; இக்கட்டுரையில் தளப்பெயர் என்போம். தளப்பெயர் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சில சொற்களால் ஆனது. தபால் பிரிப்பவர் உறையின் கடைசி வரியை முதலில் பார்ப்பது போலத் தளப்பெயரையும் கடைசியிலிருந்து, அதாவது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

கற்பனையாக ஒரு பாங்கின் உண்மையான தளப்பெயர் ‘நம்பாங்கு.காம்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் செல்போனில், ‘நம்பாங்கு.கடன்தள்ளுபடி.காம்’ என்ற முகவரியில் விவரங்களைப் பதிந்தால் பயிர்க்கடன் தள்ளுபடியாகும் என்று ஒரு செய்தி வருகிறது. அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு முதலில் நிற்பது பாங்கின் பெயரே. வலமிருந்து படித்தாலோ, அது ‘கடன்தள்ளுபடி.காம்’ என்ற பெயரைப் பதிந்தவருக்கு உரியது என்பது விளங்கும். தம் பெயருக்கு இடப்பக்கத்தில் அவர் எந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. ‘கோ.இன்’, ‘கவ்.இன்’ போன்று வலக்கோடியில் இரண்டு சொற்கள் பொதுவாக அமைந்த பெயர்களும் உண்டு. அங்கே அவ்விரண்டுக்கும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சொல்லே உரிமையாளரைக் காட்டும்.

இந்தப் பெயர்களைப் பதியும் முறை மூன்று படிகளைக் கொண்டது. உச்சியில், 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாப நோக்கமில்லாத ஸ்தாபனமாக நிறுவப்பட்ட ஐகான் இருக்கிறது. அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒவ்வொரு வலக்கோடிச் சொல்லுக்கும் ஒரு தலைமைப் பதிவகம் இயங்குகிறது. ‘காம்’ என்பதற்கு வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி தலைமைப் பதிவகம். பொதுமக்களுக்குப் பெயர்களை விற்பவை பதிவு நிறுவனங்கள். விற்பது என்று சொன்னாலும் உண்மையில் இது குத்தகையே. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பணம் கட்டிப் பெயரை வைத்திருக்கலாம். கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும். சில நூறு ரூபாய் இருந்தால் சில நிமிடங்களில் ஒரு பெயரைப் பதிந்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு. மோசக்காரனுக்கும் அதே சில நிமிடங்கள்தான்.

திறந்திருந்த ஏடு

இப்பதிவேடு தொடக்கத்தில் மூடப்பட்டிருக்கவில்லை. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில் 1982-ஆம் ஆண்டு சில நூறு இயந்திரங்களே இணைந்திருந்தன. கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு தகவல் நிலையம் நடந்து வந்தது. வலையைப் பயன்படுத்துவோர் தம் பெயர், தபால் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அங்கே பதிந்துகொள்ளுமாறு அவ்வாண்டு வெளியான ஓர் அறிவிப்பு கேட்டுக்கொண்டது. எவர் வேண்டுமானாலும் கேள்வி அனுப்பி விடை பெறலாம். ‘யார் இவர்’ என்று பொருள்படும் ‘ஹூ-இஸ்’ என்பது அவ்வேற்பாட்டின் பெயர். ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய ஊரில் வீட்டுக் கதவைத் தாழிடாமல் இருப்பது போன்ற நிலை அது.

ஊர் பெருநகரமான பின்பும் கதவு திறந்தே இருந்தது. ஐகான் தோன்றிய பிறகு, பெயர் பதிவோரின் விவரங்களை உலகறிய வெளியிட வேண்டும் என்பது பதிவு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே சேர்ந்தது. ஆகவே, ஒரு சிறு கைத்தொழில் சங்கம் தன் பொருள்களை விற்கத் தளப்பெயர் பதிந்தால், அதன் காரியதரிசியின் வீட்டு விலாசமும் செல்போன் எண்ணும் உலகம் முழுவதும் படிக்கக் கிடைத்தன. விளம்பரக்காரர்கள் அவற்றை வாரிக்கொண்டு போயினர். பெயர் பதிந்த சில நாட்களில் தொலைபேசி ஓயாமல் ஒலித்த அனுபவம் பலருக்கு உண்டு. இதற்கு மாற்றாகப் பதிவு நிறுவனங்களே ஒரு முகமூடியை விற்கத் தொடங்கின. பதிந்தவரின் பெயருக்குப் பதிலாக வேறொரு நிறுவனத்தின் பெயர் ஏட்டில் நிற்கும். நல்லவரும் வாங்கினர், தீயவரும் வாங்கினர்.

ஐரோப்பிய ஒன்றியம் தனிமனிதர் விவரங்களைக் காக்க 2016-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. காரணமின்றி ஒருவருடைய விலாசத்தை ஊரறிய வெளியிடுவது அச்சட்டப்படி குற்றம். அபராதமோ மிகப் பெரியது. எட்டு நாட்களுக்கு முன்பு, மே 17 அன்று, ஐகான் அவசரமாக ஒரு தற்காலிக விதியை நிறைவேற்றியது. அதன்படி பதிந்தவர் பெயர், தெரு, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை மறைக்கப்பட்டன. ஸ்தாபனத்தின் பெயரும், மாநிலமும், நாடும் எஞ்சின. ஐரோப்பியர் யார், பிறர் யார் என்று பிரித்தறிவது தொல்லை என்று கருதிய பதிவு நிறுவனங்கள் பல, உலகத்தார் அனைவருடைய விவரங்களையும் சேர்த்தே மறைத்துவிட்டன. இவ்வாறாக, ஐரோப்பியருக்காக எழுந்த சட்டத்தின் நிழல் நம் நாட்டார் பதிந்த பெயர்கள் மீதும் விழுந்தது.

பாங்குகள் கேட்பது என்ன?

மேற்சொன்ன கடன் தள்ளுபடி உதாரணத்தையே தொடர்ந்து பார்ப்போம். பொய்ப் பக்கத்தைப் பற்றிப் பாங்குக்குப் புகார் வருகிறது. பாங்கின் பாதுகாப்பு அதிகாரி ஏட்டைப் பார்க்கிறார். இன்றும் மறைக்கப்படாத சில விவரங்கள் அவருக்குக் கிடைக்கும்: பெயர் பதிந்த தேதி, எந்தப் பதிவு நிறுவனம் விற்றது, எந்த இயந்திரங்கள் அப்பெயருக்கு வழி காட்டுகின்றன என்பவை. நேற்று முன்தினம் பதிந்த பெயரில் ஒரு பழம்பெரும் பாங்கு இயங்காது என்பதை அறிய இதுவே போதும்.

அதன்மேல் அவருக்கு மூன்று காரியங்கள் ஆகவேண்டும். பக்கத்தை நிறுத்த வேண்டும். அதனை நடத்துபவன் யார் என்று அறிய வேண்டும். அவனே வேறு எந்தெந்தப் பெயர்களைப் பதிந்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதம் இத்தனை ஆண்டுகள் நீள்கிறது என்பது எமது கருத்து.

நிறுத்துவதற்குப் பதிந்தவர் பெயர் தேவையே இல்லை. பொய்ப் பக்கத்தின் படத்தையும் முகவரியையும் சான்றாக வைத்துப் பதிவு நிறுவனத்துக்கு எழுதினால் போதும். தக்க சான்று கிடைத்ததும் அத்தகைய பெயரின் இயக்கத்தை நிறுத்தவோ தடுக்கவோ உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 5 முதல் பதிவு நிறுவனங்களின் ஒப்பந்தக் கடமை. இதற்கு ஏட்டைத் திறக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது காரியத்தில் பாங்குகள் எதிர்பார்க்கும் பலன் குறைவாகவே கிடைக்கும். மோசடி செய்யப் புறப்பட்டவன் தன் சொந்தப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதி வைப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. பதிவு நிறுவனங்கள் 2013-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, பதிந்தவரின் மின்னஞ்சலையோ தொலைபேசியையோ 15 நாட்களுக்குள் சரிபார்க்கக் கடமைப்பட்டவை. ஆனால் மின்னஞ்சல் உயிருடன் இருக்கிறதா என்பதுதான் அச்சோதனை. அதற்கு உரியவர் உண்மையில் யார் என்பதன்று. மேலும் 15 நாள் என்பது மோசடிப் பக்கத்தின் ஆயுளைவிடப் பெரிது. பொய்ப் பக்கங்கள் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிர் வாழ்கின்றன. திருடிய கார்டினால் பணம் கட்டி, எவருடைய விலாசத்தையோ எழுதியிருப்பார்கள். அந்த விலாசத்துக்கு உரியவர் ஒன்றும் அறியாத மூன்றாம் மனிதராக இருக்கலாம்.

மூன்றாவது காரியமே பாங்குகளின் கோரிக்கைக்கு உயிரான பகுதி. பெயர் பொய்யானாலும், பொய்யனுக்குச் சோம்பல் உண்டு. ஒரே மின்னஞ்சலை வைத்துக்கொண்டு பத்துப் பெயர் பதிவான். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றுவான். இல்லாத தெருவுக்குத் தான் இட்ட பெயரையே மீண்டும் எழுதுவான். ஏடு திறந்திருந்த காலத்தில், ஒரு பொய்ப் பெயரில் கண்ட மின்னஞ்சலைக் கொண்டு அதே கையால் பதியப்பட்ட மற்றப் பெயர்களைப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் வரிசையாகக் கண்டெடுத்தனர். இன்னும் எவரையும் ஏமாற்றத் தொடங்காத பெயர்களைக்கூட முன்கூட்டியே தடுக்க முடிந்தது. வயலில் ஓர் எலி வளையைக் கண்டவர், அதனோடு சேர்ந்த மற்ற வளைகளையும் தேடி அடைப்பது போன்ற வேலை இது. 2018-க்குப் பின் இவ்வேலை மிகவும் கடினமாகிவிட்டது என்ற அவர்களது குறை நியாயமானதே.

இன்னொரு நியாயமும் பாங்குகள் பக்கம் உண்டு. பொய்ப் பக்கங்கள் எல்லாம் மோசக்காரன் பதிந்த பெயரில் இருப்பதில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்திலோ, பாத்திரக் கடையின் தளத்திலோ பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, ஒரு மூலையில் பாங்கின் பக்கத்தைப் போல் வரைந்து வைத்துவிடுகிறார்கள். அப்போது பதிந்தவர் குற்றவாளி அல்லர்; அவரும் பறிகொடுத்தவரே. அவருடைய தொலைபேசி எண் கிடைத்தால் பாங்கு அவரையே அழைத்து, ‘ஐயா, உங்கள் தளத்தில் இப்படி ஒன்று இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். பெயரை நிறுத்தினால் பள்ளிக்கூடத்தின் தளம் முழுவதும் முடங்கும். உரிமையாளர் அறிந்தால் மூலை மட்டும் துப்புரவாகும்.

திறப்பதில் உள்ள ஆபத்து

அப்படியானால் பாங்குகளுக்கு ஏட்டைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். எதிர்த்தரப்பின் முதல் கேள்வி எளிமையானது: பாங்கு என்பது யார்? உலகெங்கும் ஆயிரக்கணக்கான பாங்குகள் உள்ளன. நம் ரிசர்வ் பாங்கு போன்ற கண்காணிப்பு ஒவ்வொரு நாட்டிலும் ஒரே தரத்தில் இல்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவான பாங்குப் பட்டியலை வைத்திருந்து, ‘இவர் உண்மையான பாங்கர்’ என்று முத்திரை இடும் அதிகாரி எவரும் இல்லை. மேலும் பாங்குகள் இவ்வேலையைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. கூலிக்கு அமர்த்திய தனியார் கம்பெனிகளிடம் விடுகின்றன. சாவியைப் பாங்குக்குக் கொடுத்தால் அது அந்தக் கம்பெனியின் குமாஸ்தா கையில் இருக்கும்.

அடுத்தது அதனினும் முக்கியமானது. ஒரு வட்டாரத்தில் நகைக்கடன் ஏலம் முறைகேடாக நடந்தது என்று குடியானவர் ஒருவர் கருதுகிறார். தம் குறையையும் தம்மைப் போன்ற பலர் குறையையும் வெளியிட ஒரு தளப்பெயர் பதிகிறார். பெயரில் அந்தப் பாங்கின் பெயரும் வருகிறது. பாங்கு, ‘எங்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், பதிந்தவர் விவரம் வேண்டும்’ என்று கேட்டால்? அவரிடம் பாங்குக்கு நிலுவை இருக்கிறது. அடுத்த பருவக் கடனுக்கும் அதே மேனேஜரிடம்தான் அவர் போக வேண்டும். மோசடியை எதிர்ப்பதற்கென்று கொடுத்த சாவி புகார் சொன்னவரைத் தேடிப் பிடிக்கவும் உதவும். நிலப் பதிவேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். நிலத்தின் பதிவேடு உடைமையைப் பற்றியது. தளப்பெயரின் பதிவேடோ, உடைமையைச் சொல்வதோடு, பேசுகிறவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறது. பத்திரிகையில் தபால் பெட்டி எண் கொடுத்து விளம்பரம் செய்பவரின் பெயரைத் தபாலாபீசில் யார் வந்து கேட்டாலும் சொல்லிவிட மாட்டார்கள் அல்லவா?

கணவன் கொடுமைக்கு அஞ்சி வேற்றூரில் குடியேறித் தையல் தொழில் செய்து பிழைக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய சிறு கடைக்குத் தளப்பெயர் உண்டு. விலாசம் பல பாங்குகளின் பல ஊழியர்கள் கண்ணில் படுமானால், அது எங்கே கசியும் என்று எவர் சொல்ல முடியும்? இத்தகையோர் எண்ணிக்கையில் சிலரே ஆகலாம். இழப்போ திருப்பித் தர இயலாதது.

இதுவரை ஏற்பட்டுள்ள வழிகள்

தகுதி உடையோரை முன்கூட்டியே சோதித்து, அனுமதிச் சீட்டு வழங்கி, ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்கும் மத்திய ஏற்பாடு ஒன்றை ஐகானின் குழு 2020-ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. செலவும் காலமும் மிகுதி என்ற தயக்கத்தால் அது கட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக 2023 நவம்பரில் எளிய விண்ணப்பச் சேவை ஒன்று சோதனையாகத் தொடங்கியது. அதில் சேருவது பதிவு நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது; விண்ணப்பத்தை அது கொண்டு சேர்க்குமே அன்றி, விவரத்தைக் கொடுக்கச் செய்யாது.

தற்காலிக விதிகளுக்குப் பதிலாக நிலையான கொள்கை 2025 ஆகஸ்ட் 21 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துள்ளது. பாங்கோ போலீசாரோ வேறு எவரோ காரணம் காட்டி விண்ணப்பித்தால், கிடைத்தது என்று இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், கொடுக்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்ற விடையை 30 நாட்களுக்குள்ளும் பதிவு நிறுவனம் தெரிவிக்க வேண்டும். முப்பது நாள்! பொய்ப் பக்கம் முதல் நாளே மறைந்து, பணம் நான்கு கணக்குகள் மாறிக் கரைந்த பிறகு வரும் விடையால் என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டு பிறப்பித்த இணையப் பாதுகாப்பு ஆணையில், தகுந்த காரணத்துடன் கேட்போருக்கு 72 மணி நேரத்துக்குள் விடை தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஸ்தாபனங்களின் பெயரில் பதிந்த பெயர்களுக்கு விவரத்தை வெளிப்படையாகவே காட்டவும் சொல்கிறது. உறுப்பு நாடுகள் 2024 அக்டோபர் 17-க்குள் இதனைத் தம் சட்டமாக்கியிருக்க வேண்டும். பல நாடுகள் தாமதித்தன. ஆயினும் திசை சரியானது. 2018-இல் ஏட்டை மூடக் காரணமான அதே ஒன்றியமே இப்போது கதவில் ஒரு சிறு சாளரம் வைக்கச் சொல்லுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

எம் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், பாங்குகளுக்குச் சாவி கொடுக்கலாகாது. விரைந்த விடை கொடுக்க வேண்டும். ஏடு முழுவதையும் புரட்டும் உரிமை வேறு, குறிப்பிட்ட ஒரு பெயரைப் பற்றிச் சான்றுடன் கேட்கும் உரிமை வேறு. பின்னதற்கு மணிக்கணக்கில் விடை வரவேண்டும். யார் கேட்டார், எந்தப் பெயருக்கு, என்ன காரணம் காட்டி என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். மோசடிக்கென்று வாங்கிய விவரத்தைக் கடன் வசூலுக்கோ புகார்க்காரரை அடக்கவோ பயன்படுத்திய பாங்கு, கேட்கும் உரிமையை இழக்க வேண்டும். அதே கையால் பதிந்த மற்றப் பெயர்களைத் தேடும் வேலையைப் பதிவு நிறுவனத்தின் தலையிலேயே சுமத்தலாம். ஒரு பெயர் மோசடி என்று மெய்ப்பிக்கப்பட்டதும், அதே மின்னஞ்சலாலும் அதே பணக் கணக்காலும் பதிந்தவற்றை அந்நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ள முடியும். எவர் விலாசமும் வெளியே போகாமல் எலி வளைகள் அடைபடும். வெவ்வேறு பதிவு நிறுவனங்களில் சிதறிப் பதிபவன் இதில் தப்புவான் என்பது உண்மை. அவனைத் தேடுவது போலீசாரின் வேலை. அவர்களுக்குச் சட்டப்படி ஏட்டைக் கேட்கும் அதிகாரம் முன்பே உண்டு.

நம் நாட்டில்

‘இன்’ என்று முடியும் இந்தியத் தளப்பெயர்களின் பதிவேட்டை நிக்ஸி என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் பராமரிக்கிறது. இப்பெயர்கள் 2005-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைத்து வருகின்றன. இவற்றுக்கு முகமூடி விற்க அனுமதி இல்லை. தனிமனிதர் விவரங்களைக் காக்கும் நம் சொந்தச் சட்டமும் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஐரோப்பாவில் எழுந்த இதே வழக்கு, நம் ஏட்டைக் குறித்தும் எழும்.

ரிசர்வ் பாங்கு இப்பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து அணுகியிருக்கிறது. ஆயிரம் பொய்ப் பெயர்களில் ஒவ்வொன்றையும் பதிந்தவர் யார் என்று தேடுவதற்குப் பதிலாக, உண்மையான பெயரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்டிவிடுவது அதன் வழி. பாங்குகளுக்கென்றே ‘பாங்க்.இன்’ என்று முடியும் தனிப் பெயர் வரிசையை 2025 பிப்ரவரி 7 அன்று அது அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் பாங்குகள் அப்பெயருக்கு மாறிவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்பெயர்களைப் பதியும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற பாங்குத் தொழில்நுட்ப நிலையம் ஒன்றுக்கே உண்டு. சில நூறு ரூபாயுடன் வரும் எவனும் இங்கே பெயர் வாங்க முடியாது. உங்கள் பாங்கின் பக்கம் ‘பாங்க்.இன்’ என்று முடிகிறதா என்று பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெயரைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைப்பது அதிகச் செலவில்லாத பணி.

இவ்வேற்பாட்டுக்கும் எல்லை உண்டு. ‘நம்பாங்கு-பாங்க்-இன்.காம்’ என்று ஒருவன் பதிந்தால், இடமிருந்து படிப்பவர் ஏமாறுவார். வலமிருந்து படிப்பவருக்குக் ‘காம்’ என்ற சொல் முதலில் தென்படும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருப்பதும் தெரியும். அன்றியும், மான்யம் வழங்கும் செயலி என்று சொல்லி ஒரு கோப்பையே வாட்ஸாப்பில் அனுப்பிச் செல்போனில் ஏற்றச் சொல்லும் மோசடிக்குத் தளப்பெயரே தேவையில்லை. எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் அவன் அங்கே அகப்பட மாட்டான்.

பணம் பறிபோனால் 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதிலேயே அதனை முடக்கிவைக்க அங்கே ஏற்பாடு உண்டு. பாங்கிலும் அன்றே எழுத்து மூலம் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் அறிவித்த பின்னர் நேரும் இழப்பைப் பாங்கே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2017 ஜூலையில் அறிவுறுத்தியிருப்பதால், அறிவித்த நேரத்துக்கு மதிப்பு உண்டு.

புகாரோடு கொடுக்க வேண்டியவை சில. பொய்ப் பக்கத்தின் முழு முகவரி, ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் விடாமல் வேண்டும். ‘பாங்கு பேரில் ஒரு லிங்க் வந்தது’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பதிவு நிறுவனத்துக்கு எழுதுவது என்றே பாங்குக்குத் தெரியாது. செய்தி வந்த எண், வந்த நேரம், செல்போன் திரையின் படம் ஆகியவையும் வேண்டும். வெட்கத்தாலோ கோபத்தாலோ பலர் அந்தச் செய்தியை உடனே அழித்துவிடுகிறார்கள். பெயரை நிறுத்தச் சொல்லிப் பாங்கு எழுதும் கடிதத்துக்கும், பதிந்தவர் விவரம் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்துக்கும் அந்தச் செய்தியே முதல் சான்று.